நோட்டாவா, 49ஓ-வா, வீட்டிலேயே இருந்துடலாமா? எந்தத் தலைவரும் மனசுக்கு ஒட்டலைன்னா என்ன செய்யறது

தெருமுனை கேட்டது:

மக்களவைத் தேர்தல் பேச்சை எடுத்தாலே இப்போ எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான்: "எந்த மூஞ்சியை நம்பி ஓட்டுப் போடறது?" தலைவர்கள் மேடைக்கு மேடை அதே பாட்டைப் பாடறாங்க. தொகுதி வேட்பாளர் யாருங்கறதே வேட்புமனு வாரத்துலதான் தெரியுது. அந்தக் கடுப்புல ஆளுக்கு ஒரு யோசனை சொல்றாங்க. நோட்டா, அதாவது 'இவங்கள்ல யாரும் வேண்டாம்'ங்கற பட்டன், முதலிடம் வந்தா மறுதேர்தல், நின்ன யாரும் மறுபடி நிற்க முடியாதுன்னு ஒருத்தர். நோட்டா வேண்டாம், 49ஓ கேளு (ஓட்டுப் போட விரும்பலைன்னு வாக்குச்சாவடிப் பதிவேட்டுல எழுத வைக்கற விதி), அதுக்குத்தான் மதிப்புன்னு இன்னொருத்தர். மொத்த ஊரும் புறக்கணிச்சா தேர்தலே செல்லாதுன்னு மூணாவது ஆள்.

இதுல எது சட்டத்துல இருக்கு, எது வாட்ஸ்அப் சரக்கு? எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடணும்னு பிரசாரம் வேண்டாம். அதிருப்தியில இருக்கற வாக்காளர் கையில நடைமுறையில என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணும் எந்தக் கணக்குல போய்ச் சேருதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய பேனா:

முதல்ல அந்த மறுதேர்தல் கதையை முடிச்சிடுவோம். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்கள்ல நோட்டா எத்தனை வாங்கினாலும் மறுதேர்தல் கிடையாது. நோட்டாவுக்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கின வேட்பாளர் ஜெயிச்சார்னு அறிவிச்சிடுவாங்க. பத்து லட்சம் ஓட்டுல ஒன்பது லட்சம் நோட்டாவுக்கு விழுந்தாலும் அதேதான்.

நோட்டா வந்ததே ரகசியத்துக்காக. மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்குல 2013 செப்டம்பர் 27 அன்று, அப்போ தலைமை நீதிபதியா இருந்த ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. யாருக்கும் போட விருப்பமில்லாதவரும் அதை ரகசியமா தெரிவிக்க ஒரு பட்டன் இருக்கணும்னு சொன்னதே தவிர, அந்த பட்டன் ஜெயிச்சா என்ன ஆகணும்னு சொல்லல. அதுக்குச் சட்டம் திருத்தணும், இன்னும் திருத்தல.

மறுதேர்தல் வதந்தி எங்கேர்ந்து வந்ததுன்னா, 2018 கடைசியில மகாராஷ்டிரா, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் அப்படி ஒரு விதி போட்டாங்க. நோட்டாவையும் ஒரு கற்பனை வேட்பாளர் மாதிரி எண்ணி, அது முதலிடம் வந்தா மறுபடி தேர்தல்னு. மாநிலத் தேர்தல் ஆணையம் வேற, இந்தியத் தேர்தல் ஆணையம் வேற. அந்தச் செய்தியை யாரோ தலைப்பு மட்டும் வெட்டி அனுப்பிட்டாங்க, அது இன்னமும் ஊர் சுத்திட்டு இருக்கு.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: டெபாசிட் கணக்குல நோட்டாவைச் சேர்க்க மாட்டாங்க. வேட்பாளர் டெபாசிட்டைத் திரும்ப வாங்கணும்னா, செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கியிருக்கணும். நோட்டா அந்தச் 'செல்லுபடியான ஓட்டு'ல வராது. ஒரு தொகுதியில 12 லட்சம் ஓட்டு, அதுல 60 ஆயிரம் நோட்டான்னு வைங்க. கணக்கு 11 லட்சத்து 40 ஆயிரத்துக்குத்தான். ஆறுல ஒண்ணு 1,90,000. நோட்டாவையும் சேர்த்திருந்தா 2,00,000 வேணும். அதாவது யாரைப் பிடிக்காம நீங்க நோட்டாவை அழுத்தறீங்களோ, அவரோட டெபாசிட் வாசலை நீங்களே கொஞ்சம் தாழ்த்தி வைக்கறீங்க!

மூணாம் அலுவலர்:

49ஓ பத்தி: அது இப்பவும் விதிப் புத்தகத்துல இருக்கு. நடைமுறை இப்படி.

வாக்குச்சாவடியில முதல் அலுவலர் பட்டியல்ல பேரைச் சரிபார்த்து சத்தமா வாசிப்பார். இரண்டாம் அலுவலர் இடது ஆள்காட்டி விரல்ல மை வெச்சு, 17ஏ பதிவேட்டுல வரிசை எண்ணை எழுதி, உங்க கையெழுத்தை வாங்கிட்டு ஒரு சீட்டு தருவார். மூணாமவர் அந்தச் சீட்டை வாங்கிட்டு கட்டுப்பாட்டுக் கருவியில 'பேலட்' பட்டனை அழுத்துவார். அதுக்கப்புறம்தான் மறைவுக்குள்ள இருக்கற நீலப் பட்டன்கள் வேலை செய்யும்.

49ஓ-ன்னா, கையெழுத்துப் போட்ட பிறகு 'நான் வாக்களிக்க விரும்பல'ன்னு தலைமை அலுவலர்கிட்ட சொல்றது. அவர் 17ஏ-ல உங்க வரிக்கு நேரா ஒரு குறிப்பு எழுதி அங்க இன்னொரு கையெழுத்து வாங்குவார். கட்டாயப்படுத்த மாட்டாங்க, காரணமும் கேட்கக் கூடாது. ஆனா அறையில உட்கார்ந்திருக்கற எல்லாக் கட்சி ஏஜென்டுக்கும் நீங்க யாருக்கும் போடலைங்கறது தெரிஞ்சுபோகும். 2013-ல நீதிமன்றம் கண்டுபிடிச்ச கோளாறே இதுதான். சின்ன ஊர்ல இது சாதாரண விஷயமில்ல.

அப்புறம் அது எங்க போகும்? வாக்குப்பதிவு முடிஞ்சு எழுதற 17சி படிவத்துல, 49ஓ-வுல எத்தனை பேர்னு ஒரு வரி இருக்கு. 17ஏ-ல கையெழுத்துப் போட்டவங்க எண்ணிக்கையும் இயந்திரத்துல பதிவான எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போகலன்னு காட்டத்தான் அந்த வரி. முடிவு அறிவிக்கும்போது அதை யாரும் வாசிக்க மாட்டாங்க. நோட்டாவுக்காவது முடிவுத் தாள்ல தனிப் பத்தி உண்டு, 49ஓ-வுக்கு அதுவும் இல்ல.

இதுல அடிக்கடி நடக்கற சிக்கல்: 'பேலட்' பட்டனை அழுத்தின பிறகு ஒருத்தர் மனசு மாறி "வேண்டாம்"னு வெளியே வந்துடுவார். கருவி அப்படியே ஒரு ஓட்டுக்காகக் காத்துட்டு இருக்கும். அப்போ அடுத்த வாக்காளரை நேரா உள்ளே அனுப்பணும், அவருக்காக மறுபடி 'பேலட்'டை அழுத்தக் கூடாது. கடைசி வாக்காளர் இப்படிப் பண்ணினா கருவியை ஒருமுறை அணைச்சுப் போட்டாத்தான் 'க்ளோஸ்' பட்டன் வேலை செய்யும். அதனால முடிவை வரிசையில நிக்கும்போதே எடுத்துடுங்க.

இன்னொரு வதந்தியையும் சொல்லிடறேன். 'டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டினா மறுவாக்குப்பதிவு'ன்னு ஒண்ணு சுத்துது. அப்படி எந்த விதியும் கிடையாது. உங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டுப் போயிருந்தா, நீங்க யாருன்னு நிரூபிச்ச பிறகு 49பி (49P) விதிப்படி ஒரு காகித வாக்குச்சீட்டு தருவாங்க, அதுதான் டெண்டர் ஓட்டு. அது தனி உறையில போகும், வழக்கமான எண்ணிக்கையில சேராது.

கோடைமழை:

பழைய பேனா சொன்ன சட்டம் சரி, ஆனா 'நோட்டா வெட்டி'ங்கற தொனியோட எனக்கு உடன்பாடு இல்ல. நாற்காலியை நோட்டா மாத்தாதுதான், ஆனா செய்தி போய்ச் சேருது.

2014-ல நாடு முழுக்க நோட்டாவுக்கு சுமார் 60 லட்சம் ஓட்டு. அதுல அதிகம் விழுந்த தொகுதி நம்ம நீலகிரி: 46,559, மூணாவது இடம். காரணத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அங்கே பாஜக வேட்பாளரோட மனு தள்ளுபடி ஆகியிருந்தது. 2024-ல இந்தூர்ல காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள்ல விலகினார். கட்சியே 'நோட்டாவை அழுத்துங்க'ன்னு கேட்டது. 2,18,674 ஓட்டோட நோட்டா இரண்டாவது இடம். ஆனா ஜெயிச்சவர் 12 லட்சத்துக்கு மேல வாங்கினார், அதையும் மறைக்க வேண்டாம். 2019 மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல்ல லாத்தூர் ஊரகத்துலயும் நோட்டாதான் இரண்டாவது.

மூணையும் சேர்த்துப் பார்த்தா தெரியும். மனசுக்குப் பிடிச்ச சின்னம் இயந்திரத்துல இல்லாத இடத்துலதான் நோட்டா வீங்குது. தலைவர் பிடிக்கலைங்கற வெறுப்புல மட்டும் அது நாடு முழுக்க ஒரு சதவீதத்தைச் சுத்தியே நிக்குது. 2014, 2019, 2024 மூணு தேர்தல்லயும் அப்படித்தான்.

அப்போ அதை எப்படி உபயோகமாக்கறது? வாக்குச்சாவடி வாரியா. முடிவு வந்தப்புறம் படிவம் 20 வெளியாகும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியோட இணையதளத்துல கிடைக்கும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒவ்வொரு வேட்பாளரும் நோட்டாவும் எத்தனை வாங்கினாங்கன்னு அதுல வரிவரியா இருக்கும். உள்ளூர் கட்சிக்காரங்க அதை வரி விடாம பார்ப்பாங்க. தொகுதியில 9 ஆயிரம் நோட்டான்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரோடு போடாத ஒரு தெருவோட வாக்குச்சாவடியில மட்டும் 120 நோட்டான்னா, அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளர் அந்தத் தெருவுக்குத்தான் முதல்ல வருவார்.

வித்தியாசத்தையும் பாருங்க. 2019 சிதம்பரத்துல வெற்றி வித்தியாசம் 3,219, நோட்டா 15 ஆயிரத்துக்கு மேல. 2024 விருதுநகர்ல வித்தியாசம் 4,379, நோட்டா அதைப்போல இரண்டு மடங்கு. மும்பை வடமேற்குல வெறும் 48 ஓட்டு வித்தியாசம், அங்கேயும் நோட்டா ஆயிரக்கணக்குல. தோத்தவரோட வியூகக்காரர் முதல்ல பார்க்கற எண் அதுதான். ஆர்.கே. நகர் 2017 இடைத்தேர்தலை ஞாபகப்படுத்தவே வேண்டாம். நாட்டை ஆண்ட கட்சி 1,417, நோட்டா 2,373.

பழைய பேனா:

வித்தியாசத்தைவிட நோட்டா அதிகம்னா நோட்டாதான் தோல்விக்குக் காரணம்னு ஆகாது கோடைமழை. அந்த 15 ஆயிரம் பேரும் நோட்டா இல்லாட்டி வந்திருக்கவே மாட்டாங்கன்னும் இருக்கலாம், ரெண்டு பக்கமும் பிரிஞ்சிருக்கலாம். வாக்குச்சாவடிக் கணக்கு பத்திச் சொன்னது மட்டும் நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன்.

நோட்டாவோட எல்லையைப் பார்க்கணும்னா சூரத். 2024-ல காங்கிரஸ் வேட்பாளர் மனுவுல முன்மொழிந்தவங்க கையெழுத்து பிரச்சினையாகி தள்ளுபடி ஆச்சு, மத்தவங்க எல்லாம் விலகிட்டாங்க. மிச்சமிருந்த ஒருத்தர் போட்டியின்றித் தேர்வு. வாக்குப்பதிவே நடக்கல, அதனால நோட்டா பட்டனும் இல்ல. நிக்கறவர் ஒருத்தர்தான்னா தேர்தல் வேண்டாம்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட 53-வது பிரிவு சொல்லுது.

ஓரத்து நாற்காலி:

புறக்கணிப்பு பத்தி யாரும் சொல்லலையே, சுருக்கமா நான் சொல்லிடறேன். குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் பதிவாகணும்னு நம்ம நாட்டுல விதியே இல்ல. 2024 ஏப்ரல் 19 அன்று நாகாலாந்தோட கிழக்கு மாவட்டங்கள் ஆறும் புறக்கணிச்சது. சுமார் 4 லட்சம் வாக்காளர்கள், 20 சட்டமன்றத் தொகுதிகள், கிட்டத்தட்ட பூஜ்யம். வாக்குச்சாவடியில அலுவலர்கள் ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நாகாலாந்துக்கு இருக்கறதே ஒரே எம்.பி. மத்த பகுதி ஓட்டை எண்ணி அவரைத் தேர்ந்தெடுத்தாச்சு. ஒரு கிராமம் புறக்கணிச்சா தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வருவார், அது உண்மை. அந்த மதிப்பும் வாக்குப்பதிவு நாள் சாயங்காலம் 6 மணி வரைக்கும்தான்.

வீட்டிலேயே இருந்துடறதும் அப்படித்தான். தென்சென்னையிலயும் மத்திய சென்னையிலயும் 2024-ல சுமார் 54 சதவீதம்தான் பதிவாச்சு. வராத மீதிப் பேர்ல யார் கோபத்துல வரல, யார் வெயிலுக்குப் பயந்து வரல, யார் வீடு மாறியும் பழைய பட்டியல்லயே இருக்காங்கன்னு எந்தக் கட்சியும் பிரிச்சுப் பார்க்காது. எல்லாரும் ஒரே மூட்டை.

தெருமுனை:

நல்லாப் புரிஞ்சுது, நன்றி. இன்னொண்ணு கேக்கறேன். கட்சித் தலைவர் சுத்தமாப் பிடிக்கல, ஆனா தொகுதி வேட்பாளர் பரவாயில்லைன்னா? ஆளைப் பார்த்துப் போடலாமா? அந்த ஆள் பரவாயில்லையான்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?

கொறடா:

பேரை வெச்சதே இதுக்குத்தான், நானே சொல்றேன்.

மக்களவையில உங்க எம்.பி. பெரும்பாலான ஓட்டெடுப்புல சொந்த மனசுப்படி போட முடியாது. 1985-ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், அதாவது பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவை (இந்தப் பக்கம்தான் ஓட்டுப் போடணும்னு கட்சி போடற கட்டளை) மீறினா பதவியைப் பறிக்க வழி வெச்சிருக்கு. கட்சி 15 நாளுக்குள்ள மன்னிச்சாத்தான் தப்பிக்கலாம். பட்ஜெட், மசோதா, நம்பிக்கைத் தீர்மானம், எதுலயும் உங்க 'நல்ல வேட்பாளர்' தலைமை சொன்ன பக்கம்தான். அதனால பிரதமர் யாருங்கறதுதான் உங்க கவலைன்னா, ஆளைப் பார்த்துப் போடறதும் தலைவருக்குப் போடறதும் ஒண்ணுதான்.

ஆளால வித்தியாசம் வர்ற இடங்கள் வேற. கேள்வி நேரம், பூஜ்ய நேரம், நிலைக்குழு, தனிநபர் மசோதா (அமைச்சரா இல்லாத உறுப்பினர் கொண்டுவர்றது). தனிநபர் மசோதாவுக்குப் பொதுவா கொறடா உத்தரவு வராது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-ல மாநிலங்களவையில நிறைவேறினது அந்த வழியிலதான், ஆனா மக்களவையைத் தாண்டல. அப்புறம் தொகுதி மேம்பாட்டு நிதி, வருஷத்துக்கு 5 கோடி. எம்.பி. வேலையைப் பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதி கொடுக்கறது மாவட்ட நிர்வாகம். மாவட்டத்துல மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கற திஷா குழுவுக்கும் எம்.பி.தான் தலைவர். அந்தக் கூட்டத்தை ஒழுங்காக் கூட்டற எம்.பி.க்கும் எட்டிப் பார்க்காதவருக்கும் உள்ள வித்தியாசம் ஊரக வேலைத் திட்டக் கூலி பாக்கியில தெரியும்.

ஏற்கெனவே எம்.பி.யா இருந்தவர்னா வருகையையும் கேட்ட கேள்விகளையும் நாடாளுமன்ற இணையதளத்துலயும், சபை வேலைகளைத் தொகுத்துப் போடற பிஆர்எஸ் அமைப்போட தளத்துலயும் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட மாட்டாங்க. அவங்க பேருக்கு நேரா வருகை இல்லைன்னா சபைக்கே வரலைன்னு அர்த்தமில்ல.

புது ஆள்னா படிவம் 26 பிரமாணப் பத்திரம். மனு கொடுத்த கையோட தேர்தல் ஆணையத்தோட பிரமாணப் பத்திரத் தளத்துல ஏத்திடுவாங்க. அதுல கண்ணு போக வேண்டிய இடத்தைச் சொல்றேன். வழக்குகள் பகுதியில எண்ணிக்கையைப் பார்த்து முடிவுக்கு வராதீங்க. தடையை மீறி ஆர்ப்பாட்டம் பண்ணின வழக்கு இருபது இருக்கும், அது அரசியல்வாதிக்குச் சகஜம். எந்தச் சட்டப்பிரிவு, குற்றச்சாட்டு பதிவாகிடுச்சா, இந்த ரெண்டையும் பாருங்க. சொத்துப் பகுதியில தன் பேரை விட மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர் பத்திகள்தான் சுவாரஸ்யம். வருமான வரிக் கணக்குல காட்டின அஞ்சு வருஷ வருமானத்தையும் போன தேர்தல் பத்திரத்துல இருந்து இப்ப வரைக்கும் ஏறின சொத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நிலத்தோட விலை தானா ஏறும், அதைக் கழிச்சுடணும். புதுசா வாங்கினது எது, எந்தத் தேதியிலன்னு அதே பத்திரத்துல இருக்கும்.

குற்ற வழக்கு உள்ளவர் அதை வாக்குப்பதிவுக்கு முன்னாடி மூணு தடவை பத்திரிகையிலயும் டிவியிலயும் விளம்பரமாக் கொடுக்கணும். ஏன் இவரையே தேர்ந்தெடுத்தோம்னு கட்சியும் காரணம் வெளியிடணும். 'ஜெயிப்பார்'ங்கறது மட்டும் காரணமா இருக்கக் கூடாதுன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இப்போ கட்சிகள் எழுதற காரணத்தைப் படிச்சுப் பாருங்க. 'மக்கள் செல்வாக்குப் பெற்றவர், சமூக சேவகர், அரசியல் காழ்ப்புணர்ச்சியால் வழக்கு.' ஆளுக்கு ஆள் பேரை மட்டும் மாத்தி ஒட்டின மாதிரி இருக்கும்.

கோடைமழை:

இன்னொரு வழி விட்டுப்போச்சு. பெரிய கட்சி ரெண்டும் வேண்டாம்னா ஜெயிக்காத சின்னக் கட்சிக்குப் போடற ஓட்டு வீண்னு சொல்வாங்க. நோட்டாவோட ஒப்பிட்டா அது வீண் இல்ல. ஒரு தேர்தல்ல மாநிலத்துல செல்லுபடியான ஓட்டுல 8 சதவீதம் வாங்கினா, ஒரு இடம்கூட ஜெயிக்காமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தல்ல 8 சதவீதத்தைத் தாண்டித்தான் அங்கீகாரம் வாங்கிச்சு, ஒரு எம்.பி.கூட இல்ல. அங்கீகாரம் வந்தா நிரந்தரச் சின்னம், மனுவுக்கு ஒரே ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும், தூர்தர்ஷன்ல நேரம். கட்சி பிடிக்குதோ இல்லையோ, ஓட்டு எங்க போய் எண்ணப்படுதுங்கறதுக்காகச் சொல்றேன்.

மூணாம் அலுவலர்:

அதே மாதிரி 'நாமே ஒருத்தரை நிறுத்தினா என்ன'ங்கறவங்களுக்கு: வயசு 25, நாட்டுல எந்தத் தொகுதியில வாக்காளரா இருந்தாலும் மக்களவைக்கு நிற்கலாம். டெபாசிட் 25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழியணும். மனு தள்ளுபடி ஆகறது பெரும்பாலும் சின்ன விஷயத்துலதான். முன்மொழிஞ்சவர்ல ஒருத்தர் பக்கத்துத் தொகுதிக்காரரா இருப்பார், படிவம் 26-ல ஒரு கட்டம் காலியா இருக்கும் ('இல்லை'ன்னு எழுதணும், கோடு போடக் கூடாது), பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள்ள உறுதிமொழி எடுத்திருக்க மாட்டார், வேற தொகுதி வாக்காளர்னா பட்டியலோட சான்றிட்ட நகல் வெச்சிருக்க மாட்டார். பத்துக்குப் பதினைஞ்சு பேரை ஏற்பாடு பண்ணி, ரெண்டு மூணு செட் மனு போடுங்க. நாலு வரைக்கும் போடலாம், டெபாசிட் ஒண்ணுதான். செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு மனு போடறதுக்கு முந்தின நாளாவது திறந்திருக்கணும். தோத்தாலும் முடிவு வந்த 30 நாளுக்குள்ள கணக்குக் கொடுக்கணும், இல்லாட்டி மூணு வருஷம் வரைக்கும் நிற்கத் தடை வரும். நிறைய சுயேச்சைகள் கோட்டை விடறது இந்த இடத்துலதான்.

தெருமுனை:

கடைசியா ஒண்ணு. நோட்டாவை அழுத்தினா விவிபேட்டுல (யாருக்குப் போட்டோம்னு சீட்டுல காட்டற கருவி) சீட்டு வருமா? 'வராது, அதனால அதை வேற யாருக்கோ மாத்திடுவாங்க'ன்னு ஒருத்தர் சாதிக்கறார்.

மூணாம் அலுவலர்:

வரும். நோட்டாவுக்குன்னு 2015-ல கொண்டுவந்த சின்னம், வாக்குச்சீட்டு மேல கறுப்புப் பெருக்கல் குறி. அந்தச் சின்னத்தோட சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னாடி தெரிஞ்சுட்டு பெட்டிக்குள்ள விழும். பட்டன் எங்கேன்னு தேடாதீங்க, கடைசி வேட்பாளருக்குக் கீழே இருக்கும். ஒரு வாக்குப் பதிவுக் கருவியில 16 பட்டன்தான். 16 வேட்பாளர் நின்னா நோட்டாவுக்காகவே இரண்டாவது கருவி பக்கத்துல வெச்சிருப்பாங்க, அதுல அது ஒண்ணுதான் இருக்கும்.

அழுத்தினது ஒண்ணு, சீட்டுல வந்தது வேறன்னா அங்கேயே தலைமை அலுவலர்கிட்ட சொல்லுங்க. 49எம்ஏ விதிப்படி எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு, ஏஜென்டுகள் முன்னாடி ஒரு சோதனை ஓட்டுப் போட வைப்பாங்க. புகார் உண்மைன்னா அந்தக் கருவியில வாக்குப்பதிவு நிற்கும். பொய்ன்னா வழக்கு உங்க மேல திரும்பும், அதனால 7 விநாடியும் கண்ணாடியைப் பார்த்துட்டு பேசுங்க.